பிளேம் சென்சர்: துடைத்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கனடாவின் ஸ்காபரோ, ஜனவரி இரவு. பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பர்னஸ் பற்றுகிறது, நாலைந்து விநாடியில் அணைகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. சில தடவை முயன்றுவிட்டு லொக்அவுட் ஆகிவிடும், அதாவது முயல்வதை நிறுத்திவிடும். இந்த ஆட்டத்தைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது, தீ எரிகிறதா என்று கவனிக்கும் பிளேம் சென்சரைத்தான்.

பெயர்தான் பெரிசு. பொருள் ஒரு கம்பி, ஒரு பீங்கான், ஒரு வயர், அவ்வளவே. எரியும் சுவாலை மின்சாரத்தைப் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஓடவிடும். அந்தச் சில மைக்ரோ அம்பியர் தெரிந்தால்தான் தீ எரிகிறது என்று பர்னஸின் கண்ட்ரோல் போர்ட் நம்பும், இல்லையேல் கேஸ் வால்வை மூடிவிடும். கம்பியில் மெல்லிய படலம் படிந்தாலே அந்தச் சொற்ப மின்சாரமும் தடைப்பட்டுப் போகும். ஆக, பல நேரம் கம்பி கெடுவதில்லை, அழுக்காகிறது.

அதனால் என் ஓட்டு முதலில் துடைப்பதற்கு. செலவு இல்லை, கால் மணி நேர வேலை. கரண்டையும் கேஸையும் நிறுத்திவிட்டு, கால் அங்குலத் தலையுள்ள ஒரே ஸ்க்ரூவைக் கழற்றினால் சென்சர் கையோடு வரும். மென்மையான ஸ்டீல் வூலால் கம்பி பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தால் சரி. சாண்ட்பேப்பர் வேண்டாம், கீறல் விழும். நான் முதல் தடவை அதைத்தான் எடுத்தேன். பக்கத்தில் இருக்கும், தீ மூட்டும் இக்னைட்டரைத் தொட்டுவிடாதீர்கள், சில வகை லேசாகத் தட்டினாலே உடையும்.

பீங்கானில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். துடைத்த பிறகும் அணைந்தால் உடனே கடைக்கு ஓடாமல் கிரவுண்ட் (எர்த்) வயரைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் புதுச் சென்சரும் அதே கூத்தைத்தான் ஆடும்.

வாங்குவதில் இரண்டு கட்சி. பல மொடலுக்கும் பொதுவான யுனிவர்சல் மலிவு, ஆனால் கம்பியை நாமே வளைத்துப் பொருத்த வேண்டிவரும். வளைக்கும்போது பீங்கான் வெடிக்கலாம். கொஞ்சம் விலகினால் கம்பி தீயில் படாது. ஒரிஜினல் அப்படியே உட்காரும், விலைதான் கூட. நான் நடுவழி: கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மொடல் நம்பரை வைத்து ஒரிஜினலின் பார்ட் நம்பரைக் கண்டுபிடித்து, அதற்கென்றே வேறு கம்பனி செய்ததை வாங்குவேன். எப்போதும் பைலட் என்ற சிறு தீ எரியும் பழைய மெஷின் என்றால் அதில் இருப்பது தெர்மோகப்பிள். அது வேறு சாமான், தவறி ஓர்டர் பண்ணிவிடாதீர்கள்.

லைசன்ஸ் உள்ள டெக்னீஷியன் வந்தால் சென்சரின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார். ஆனால் தீ மஞ்சளாக எரிந்தாலோ வெளியே பாய்ந்தாலோ நான் மெஷினை நிறுத்திவிட்டு அவரைத்தான் கூப்பிடுவேன். கேஸ் மணந்தால் வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் போன்.

புதுசு போட்டதும் பழையதை எறியவில்லை. பீங்கான் நல்லாய் இருந்ததால் துடைத்து ஒரு பையில் போட்டு, பர்னஸ் பக்கத்து ஷெல்ஃபில் பில்டர்களோடு வைத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி எந்தக் கடை திறந்திருக்கப் போகிறது?