56, 81, 95, 191: சீன ராணுவ ரைஃபிள்களில் எது உருப்படி?

சீனத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் பெயர்க் குழப்பத்திலேயே போய்விடும். 'டைப் 56' என்கிறார்கள், எந்த 56? 1956-இல் சீன ராணுவம் எடுத்துக்கொண்ட மூன்று சோவியத் நகல்களுக்கும் அதே பெயர்தான். ஏகே-47-இன் நகல் ஒன்று, எஸ்கேஎஸ் கார்பைனின் (குட்டையான ரைஃபிளின்) நகல் ஒன்று, ஆர்பிடி லைட் மெஷின்கன்னின் நகல் ஒன்று. மூன்றுக்கும் தோட்டா ஒன்றே, 7.62×39 (முதல் எண் குழல் விட்டம், அடுத்தது தோட்டா உறையின் நீளம், மில்லிமீட்டரில்). நான் இங்கே வெறுமனே 56 என்று எழுதினால் அது ஏகே நகல், மற்றதைக் கார்பைன் என்றே சொல்கிறேன்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். 'ரி-56 ரகத் துப்பாக்கி' என்று வாரம் ஒரு செய்தியாவது கண்ணில் படும். அந்தப் போரில் இரண்டு தரப்பின் கையிலும் இருந்த துப்பாக்கி அது. ரஷ்ய ஏகேயிலிருந்து இதைப் பிரித்தறிவது சுலபம். குழல் முனையில் இருக்கும் முன் குறிமுள்ளைப் பாருங்கள். ரஷ்யனில் இரண்டு பக்கமும் காது மாதிரி தடுப்பு நிற்கும், மேலே திறந்திருக்கும். சீனனில் முழு வளையமாக மூடியிருக்கும். பல 56-களில் குழலுக்கு அடியில் மடித்து வைத்த ஊசி பேயோனெட்டும் உண்டு, கத்தி போல அல்ல, நீளமான கூர்முனை மட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கையில் ஏகே நகலே இருந்தும் சீனக் காலாட்படையின் பொதுவான ரைஃபிளாக நெடுநாள் இருந்தது அந்தக் கார்பைன்தான். பத்துத் தோட்டா, ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால் ஒரு சூடு. 1962-இல் த்ரீ நாட் த்ரீயின் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் தண்டை, இழுத்து இழுத்துச் சுட்ட இந்திய வீரர்களுக்கு எதிரே அது பெரிய அனுகூலம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1979-இல் வியட்நாமுக்குள் போனபோது எதிரே இருந்தவர்கள் ஏகேவோடு இருந்தார்கள். அடர்ந்த மலைக்காட்டில் இருபது முப்பது மீட்டரில் மோதும்போது பத்துத் தோட்டா கார்பைன் என்ன செய்யும்?

நடுவில் ஒரு தாவல் முயற்சியும் நடந்தது, டைப் 63. கார்பைனின் துல்லியமும் ஏகேயின் வேகமும் ஒரே துப்பாக்கியில் வேண்டும் என்ற ஆசை. காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் உற்பத்திக்குப் போனது கலாசாரப் புரட்சிக் காலத்தில். தயாரிப்புத் தரம் சரிந்து, படைகளிலிருந்து புகார் குவிந்து, எழுபதுகளின் பிற்பகுதியில் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி அதே பழைய கார்பைனைக் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு போதும் இதைப் பற்றி.

அப்புறம் வந்ததுதான் டைப் 81. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் 'இன்னொரு ஏகே' என்று தோன்றும், கிட்டத்தில் போனால் அல்ல. ஏகேயில் வாயு தள்ளும் பிஸ்டன், போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியரோடு சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் அந்த முழுக் கனமும் முன்னும் பின்னும் ஓடி அடிக்கும், துப்பாக்கி குதிக்கும். 81-இல் பிஸ்டன் தனி. சின்னதாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுவிடும், பின்னால் ஓடுவது கேரியர் மட்டும். ஓடும் எடை குறைந்தால் குறி கலைவதும் குறையும், அவ்வளவுதான் ரகசியம். முன் குறிமுள்ளையும் குழல் முனையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். முனை வெறுமையாக நீண்டிருக்கும், ரைஃபிள் கிரனேடைச் செருகிச் சுடுவதற்காக. மேகசின் (தோட்டாப் பெட்டி) காலியானால் போல்ட் பின்னாலேயே நின்றுகொள்ளும். ஏகேக்காரனுக்குத் தோட்டா தீர்ந்தது 'டிக்' என்ற வெற்றுச் சத்தத்தில்தான் தெரியும், 81-காரனுக்கு முன்னாடியே தெரிந்துவிடும். குறை என்றால் நீளம், 955 மில்லிமீட்டர். இத்தனைக்கும் இதை ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் கொண்டுவந்தார்கள். புதிய 5.8 மில்லிமீட்டர் தோட்டா தயாராகும் வரை சமாளிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டா ஆராய்ச்சி 1971-இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்கனின் 5.56-உம் வேண்டாம், ரஷ்யனின் 5.45-உம் வேண்டாம், நமக்கென்று ஒன்று என்று 5.8×42-க்குப் போனார்கள். வினாடிக்குச் சுமார் 930 மீட்டர் வேகம்; பழைய 7.62 சுமார் 720-தான். அதை நம்பிக் கட்டியதுதான் கியூபிஇசட்-95, வடிவமைப்பாளர் துவோ யிங்சியான். 1997-இல் ஹாங்காங்கைப் பொறுப்பேற்க வந்த படையின் கையில்தான் உலகம் இதை முதலில் பார்த்தது. புல்பப் வகை, அதாவது மேகசினும் போல்ட்டும் விசைக்குப் பின்னால், தோள்கட்டைக்குள்ளேயே. எண்ணிக்கையில் பார்த்தால் பிரமாதம்: மொத்த நீளம் 745 மில்லிமீட்டர், 81-ஐவிட 21 சென்டிமீட்டர் குட்டை, ஆனால் குழல் அதைவிடக் கொஞ்சம் நீளம். கவச வண்டிக்குள் உட்கார இதைவிட என்ன வேண்டும்?

சரி, சுடும்போது? சேஃப்டி சுவிட்சைக் கொண்டுபோய் தோள்கட்டையின் பின்கோடியில், இடப்பக்கம் வைத்தார்கள். தோளில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருப்பவன் ஒற்றைச் சூட்டிலிருந்து தொடர்சூட்டுக்கு மாற்ற வேண்டுமானால் பிடியிலிருந்து கையை எடுத்து, தன் தாடைக்குப் பின்னால் துழாவ வேண்டும். இதை யார் சுட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்களோ தெரியவில்லை! தூக்கும் கைப்பிடி மேலே இருப்பதால் ஸ்கோப் அதற்கும் மேலே உட்காரும், அப்புறம் வீரன் தலையையும் அந்த அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். தரையோடு படுத்திருக்கும்போது மேகசின் மாற்றுவது அக்குளுக்குள் கைவிடுகிற வேலை. கட்டை நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை; கவச உடையோ குளிர்கோட்டோ போட்டவனுக்கு விசை எட்டிப்போகும். வெற்று ஓடு வலப்பக்கம் தெறிப்பதால் இடக்கைக்காரனுக்கு வேலையே இல்லை. பின்னால் வந்த 95-1-இல் சுவிட்சைப் பிடிக்கு மேலே, கட்டைவிரல் எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்து, டிபிபி-10 என்ற புதிய தோட்டாவும் கொடுத்தார்கள். பாதி வியாதி தீர்ந்தது. மீதி புல்பப்பின் பிறவிக்குணம்.

இதையெல்லாம் ராணுவமே உணர்ந்திருந்தது என்பதற்குக் கியூபிஇசட்-03 சாட்சி. அதே 5.8 தோட்டா, ஆனால் மேகசின் விசைக்கு முன்னால், பழைய முறையில். வான்குடைப் படைக்கும் எல்லைப் படைக்கும் கொடுத்தார்கள்.

பிறகு 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் 191. புல்பப் போயிற்று. நீட்டிக் குறைக்கும் தோள்கட்டை, மேலே ஸ்கோப் மாதிரியானவற்றை மாட்ட நீளமாக ரெயில் என்ற பட்டை, மூன்று மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க மேகசினில் ஜன்னல். கட்டையான 192, தூரச் சூட்டுக்கு கியூபியு-191 என்று குடும்பமாகவே கொண்டுவந்தார்கள். மேற்கத்திய ரைஃபிள்களைப் பார்த்து அடித்த காப்பி என்று கிண்டல் செய்கிறவர்கள், பிரான்ஸும் தன் ஃபமாஸ் புல்பப்பை விட்டு 2017 முதல் ஜெர்மானிய எச்கே416-க்குப் போனதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு 191-இல் புதுமை எதுவும் தெரியவில்லை, அதைக் குறையாகவும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஒரு சீன வீரனுக்கு எது நல்லது என்றால் 191-தான், ஸ்கோப் வசதி ஒன்றே போதும். ஆனால் அந்தந்தக் காலத்துக்கு எது பொருத்தமாக அமைந்தது என்று கேட்டால் 81. 2008-இல், 95 வந்து பதின்மூன்று வருடம் ஆன பிறகு, பங்களாதேஷ் காஜிப்பூரில் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தேர்ந்தெடுத்தது எதை? 81-ஐத்தான். பிடி-08 என்று பெயர் மாற்றி.