சர்ப்ரைஸாக ஒரு ஐரோப்பா: கிருஷ்ணகிரியிலிருந்து இருவர் போய் வந்த கணக்கு

கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் டிக்கெட் போட்டு, ஏர்போர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "ஐரோப்பா போறோம்" என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு அது நடக்காது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்கு இருவரும் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் அவரவர் கையெழுத்து, அவரவர் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டே இல்லாத ஆளாக இருந்தால் அதற்கும் முன்னால் போலீஸ் விசாரணை வரும், அது தெருவுக்கே தெரிந்துவிடும்.

அதனால் பயணத்தை மறைக்கப் பார்க்காதீர்கள், பயணத்துக்குள் மறைத்து வையுங்கள். எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்காக 2024 நவம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் செக் நாட்டின் ப்ராக், ஆஸ்திரியாவின் வியன்னா, ஹங்கேரியின் புடாபெஸ்ட் என்று மூன்று ஊர் போய் வந்தோம். வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அதே திட்டத்தை என் கொழுந்தனாரும் ஓரகத்தியும் எடுத்துப் போய் வந்தார்கள். எது நிலைத்தது, எது காசுக்கு ஆகவில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

என் வீட்டுக்காரர் மாம்பழக் கூழ் தயாரிக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கம் அந்த வேலையில் இருப்பவர்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மே தொடங்கி ஆகஸ்ட் வரை வீட்டில் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். ஐரோப்பாவில் கோடைகாலம் என்று எல்லோரும் கிளம்புகிற மாதங்கள் எங்களுக்குக் கிடையாது. அதுவே நல்லதாகப் போனது. தீபாவளி கூட்டம் முடிந்து, கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்காத நவம்பர் முதல் பாதியில் டிக்கெட்டும் அறையும் இறங்கிக் கிடக்கும். குளிர் உண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஊர்கள்தான் இந்த மூன்றும், அந்த வெளிச்சத்துக்குக் கட்டணம் கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில்தான் பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, நவம்பர்ல ஒரு வாரம் பத்து நாள் எனக்குக் குடுங்க. ஐரோப்பா போயிட்டு வரலாம்."

"எவ்வளவு ஆகும்?" என்றார் முதலில். ஆச்சரியமெல்லாம் அதற்கப்புறம்.

"மூணு லட்சத்துக்குள்ள, ரெண்டு பேருக்கும்."

அவர் நம்பவில்லை. அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு டிராவல் ஏஜென்ட் பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று குழுப் பயணத்துக்கு ஒருவருக்கே இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்லியிருந்தார். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் அப்போது முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது திரும்ப வரும், ஆனால் கையில் இருக்கும் பணம் முதலில் போய்விடும். நாமே விமானம், அறை, ரயில் என்று தனித்தனியாகப் போட்டால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் வருடத்துக்கு 7 லட்சத்தைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்பது அன்றைய விதி. 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 10 லட்சமாக உயர்த்தினார்கள். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவள், இந்த வித்தியாசம்தான் என்னைச் சொந்தமாகத் திட்டம் போட வைத்தது.

ஊர்த் தேர்வில்தான் பாதிச் செலவு தீர்மானமாகிறது. பாரிஸும் சூரிச்சும் போய்விட்டுச் சிக்கனம் பேச முடியாது. ப்ராக், புடாபெஸ்ட் இரண்டிலும் சொந்த நாணயம், கொருனாவும் ஃபோரின்ட்டும். விலைவாசியும் மேற்கு ஐரோப்பாவைவிடக் குறைவு. நடுவில் இருக்கும் வியன்னா மட்டும் யூரோ, விலையும் அதிகம், அங்கே இரவுகளைக் குறைத்துக்கொண்டோம். பெங்களூருவிலிருந்து வளைகுடா வழியாக ப்ராகில் இறங்கி, புடாபெஸ்ட்டிலிருந்து திரும்பும்படி மல்டி சிட்டி டிக்கெட் போட்டேன். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏற வேண்டிய அலைச்சல் இல்லை, ஒரு ரயில் செலவும் மிச்சம். ஒருவருக்கு ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேலே வந்தது.

விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு ஹங்கேரி. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டாயிரம் சொச்சம், சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதை நம்மூர்க் கம்பெனியிலேயே சில ஆயிரங்களுக்கு எடுக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். ஆனால் முடிவு வர 45 நாள்வரை இழுக்கலாம் என்பதையும் விதியிலேயே வைத்திருக்கிறார்கள், அதனால் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டுமே விசாவுக்கு முன் போடுங்கள். கைரேகை கொடுக்கப் பெங்களூரு போனது காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்புகிற வேலைதான். நமக்கு இருக்கிற பெரிய வசதி இது. மதுரைக்காரர்களுக்கும் நெல்லைக்காரர்களுக்கும் இது ஒரு தனிப் பயணம்.

சரி, சர்ப்ரைஸ் எங்கே என்று கேட்பீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு நாடும் தேதியும் தெரியும். ஆனால் அந்தந்த நாளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதே. அங்கேதான் நான் மூன்று விஷயங்களை மறைத்து வைத்தேன். மூன்றும் பெரிய செலவில்லாதவை.

முதலாவது ரயில். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. ஓசூரோ தர்மபுரியோ ஜோலார்பேட்டையோ போய்த்தான் ஏற வேண்டும். அவருக்கு ரயில் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஊருக்கு ஊர் பஸ் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ப்ராகிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். இரண்டிலும் ஜன்னல் ஓர இருக்கை. முன்கூட்டியே போட்டதால் ஒவ்வொன்றும் ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, கடைசி நேரத்தில் வாங்கினால் அதே இருக்கை பல மடங்கு. எல்லையில் இறங்கச் சொல்லவில்லை, வண்டி நின்றதுகூடத் தெரியாமல் நாடு மாறியது அவருக்கு இன்றுவரை பேசித் தீரவில்லை.

இரண்டாவது, வியன்னா ஸ்டேட் ஓபராவில் நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட். உட்காரும் இடம் இருநூறு யூரோவைத் தாண்டும் அரங்கில் நிற்கும் இடம் இருபது யூரோவுக்குள் கிடைக்கிறது, அதுவும் அன்றன்றைக்கு விற்பனை. எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும், அதை நின்றும் உட்கார்ந்தும் பார்த்து வளர்ந்தவர் அவர். பாஷை தெரியாத பாட்டு நாடகத்தைப் பார்ப்பாரா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளே போனதும் எல்லோரும் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கம்பியில் கட்டி இடம் பிடித்தார்கள், நம்மூர் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரியே. அவர் சட்டென்று தன் மப்ளரைக் கட்டினார். ஒவ்வொரு நிற்கும் இடத்துக்கும் முன்னால் ஒரு சின்னத் திரை உண்டு, பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடும். அவர் அதைப் பாதி நேரம் பார்க்கவே இல்லை. குரல் போதும் என்றார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த காசில் அதிகம் திருப்தி தந்தது இதுதான், இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, கல்யாண நாளன்று புடாபெஸ்ட்டின் செசெனி வெந்நீர்க் குளியல். 1913-இல் திறந்த மஞ்சள் நிறக் கட்டடம், நடுவில் திறந்தவெளிக் குளங்கள், நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர். வெளியே கை விறைக்கும் குளிர், உடம்பு மட்டும் சூட்டில். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பழகிய ஆளுக்குத் தண்ணீரில் இறங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆகும், ஒரு டிக்கெட்டாகப் பார்த்தால் விலை கூடியது இதுவே. நீச்சல் உடை, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றையும் இங்கிருந்தே கொண்டு போய்விடுங்கள், அங்கே வாங்கினால் அதுவே தனிச் செலவு. ராத்திரி 2-ஆம் நம்பர் டிராமில் டான்யூப் ஆற்றை ஒட்டிப் போனோம். டிக்கெட் நூறு ரூபாய்ச் சொச்சம். படகுச் சவாரிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் அதே நாடாளுமன்றக் கட்டடமும் அதே பாலங்களும் இந்த ஜன்னலிலேயே தெரிகின்றன. டிக்கெட்டை மறக்காமல் மெஷினில் பதிக்க வேண்டும், கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, அபராதம் போடுவார்கள்.

சாப்பாட்டுக்கு மூன்று ஊரிலும் சின்ன அடுப்பு இருக்கும் அறையாகவே எடுத்தேன். அரிசி அங்கேயே கிடைக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ராகி மாவு இங்கிருந்து. நெய்யும் பால்கோவாவும் எடுத்துப் போகாதீர்கள், வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடுவதில்லை. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். வியன்னாவில் குழாய்த் தண்ணீரே ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்தான், பாட்டில் வாங்கவே வேண்டாம்.

பணம் மாற்றுவதில்தான் கவனம் தேவை. ஏடிஎம்மில் "ரூபாய்க் கணக்கில் எடுக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்திலேயே எடுங்கள். ப்ராகில் கமிஷன் இல்லை என்று எழுதியிருக்கும் சாளரங்களில் விகிதம் மோசமாக இருக்கலாம். செக் நாட்டுச் சட்டப்படி, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் போய் அதை ரத்து செய்ய முடியும். 2019-இல் வந்த விதி இது, தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எல்லாம் சேர்த்து, குளிர் உடைகள் உட்பட, இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டி முடிந்தது.

இப்போது, நாளாகித் தெரிந்தவை. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு பயணத்தின்போது நன்றாகவே உழைத்தது. ஆனால் மீதியை அப்படியே விட்டு வைத்திருந்ததற்குப் கார்டைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கான கட்டணம் என்று பேங்கில் பிடிக்கத் தொடங்கினார்கள். வந்த வாரமே மீதியை ரூபாயாக்கிக் கார்டை மூடிவிடுங்கள். வாட்டர்ப்ரூஃப் ஷூ நல்ல முதலீடு, யூனிட்டில் தரை எப்போதும் ஈரம் என்பதால் அவர் தினமும் அதைத்தான் போடுகிறார். கனமான கோட்டுகள் அப்படியல்ல. கிருஷ்ணகிரி மார்கழிக்கு அது தேவையில்லை. யாரிடமாவது இரவல் வாங்குங்கள், உள்ளே போடும் தெர்மலை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். எங்கள் கோட்டுகள் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டன.

அவர்கள் போனது 2025 நவம்பரில். நான் போட்ட அதே கணக்குச் சீட்டு, ஆனால் யூரோ எங்களுக்கு 90 ரூபாயை ஒட்டி இருந்தது, அவர்களுக்கு 100-ஐத் தாண்டிவிட்டது. அதனால் ப்ராகை எடுத்துவிட்டு, வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் பிராட்டிஸ்லாவாவை வைத்தோம். ஒரு நாள் போய்த் திரும்புகிற ஊர், தனி அறை வேண்டாம். 2025 அக்டோபர் 12-இலிருந்து எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் படமும் பதிகிற முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள், வரிசை மெதுவாக நகர்ந்தது என்றார்கள். அடுத்த இணைப்பு விமானமோ ரயிலோ இருந்தால் நடுவில் நிறைய நேரம் விட்டுப் போடுங்கள். சர்ப்ரைஸை இந்த முறை கொழுந்தனார் என்னிடம்தான் கேட்டார். என் ஓரகத்தி கோலம், எம்பிராய்டரி என்று கைவேலையிலேயே இருப்பவள், ஓபராவில் நிற்க அவளுக்குப் பொறுமை இருக்காது. வியன்னாவில் கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியம் இருக்கும் பெல்வெடேர் அரண்மனைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். தங்க ரேக்கு ஒட்டி வரைந்த அந்தச் சேலை போன்ற அங்கியின் முன்னால் அரை மணி நேரம் நின்றாளாம். அதன் பூ டிசைனைத் தன் பொங்கல் ரவிக்கைக்கு அவளே போட்டும் விட்டாள்.