புகைபோக்கிக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். "புகையில்லா அடுப்பு போட்டுத் தருகிறோம், சுவரில் கரியே படியாது" என்று ஒருவர் ஊர் ஊராக வருகிறார். எங்கள் வீட்டில் அவர் செய்த வேலையில் பணமும் போனது, அம்மாவின் உடம்பும் கெட்டது.

வீட்டில் கேஸ் இருந்தாலும் களி கிண்டவும் வெந்நீர் வைக்கவும் விறகடுப்புதான். மார்கழி, தையில் இந்தப் பக்கம் அடிக்கிற குளிருக்கு அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டார். அதனால்தான் புகை வெளியே போக வழி செய்ய நினைத்தோம். 14,000 ரூபாய் பேசி, 10,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். நாலு இஞ்ச் தகரப் பைப், கூரைக்கு மேலே போகும் என்பது பேச்சு.

வைத்தது மூன்று இஞ்ச். அடுப்பிலிருந்து கொஞ்சம் ஏறியதும் ஒரு வளைவு, சுவரைத் துளைத்து வெளியே போய் இன்னொரு வளைவு, தாழ்வார ஓட்டுக்குக் கீழேயே முடிந்துவிட்டது. ஓட்டைப் பிரித்தால் மழைக்கு ஒழுகும் என்று காரணம் சொன்னார். அதுமட்டுமா, வெளியே இருந்த பாகம் பிவிசி. மேலே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்ததால் தகரம் என்றே நம்பினோம்.

முதல் நாளே புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்தது. ஃபோன் செய்தால், "விறகு ஈரம் சார்" என்றார். ஈர விறகு புகையும் என்பது உண்மைதான், பச்சைக் கட்டையின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். ஆனால் எங்களிடம் இருந்தது போன கோடையில் பிளந்து அடுக்கிய புளியங்கட்டை. இரண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும்.

அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்று அதற்குத் தனியாக 2,500 வாங்கினார். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. குளிருக்குக் கதவு, ஜன்னலைச் சாத்திய அடுப்படியில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அந்த அளவு காற்று வேறு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். திறந்திருப்பது புகைபோக்கி மட்டும்தான். மேலே போக வேண்டிய புகையை ஃபேன் கீழே இழுத்துவிட்டது. அம்மாவுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். டாக்டர் முதலில் கேட்டதே அடுப்பைப் பற்றித்தான். புகை என்றால் கண் எரிந்து காட்டிக்கொடுக்கும். தணல் கனியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காய்கிற வீடுகளில் உயிரே போயிருக்கிறது. தயவுசெய்து ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

கொஞ்ச நாளில் பிவிசி பழுப்பேறி, வாடின கீரைத்தண்டு போலத் தொங்கிவிட்டது. 80 டிகிரி சுற்றிலேயே அது இளகிவிடும். இணைப்பிலிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு நீர் வடிந்து சுவரில் கோடாக இறங்கியிருந்தது. புகை பைப்புக்குள்ளேயே ஆறிப்போனால் இப்படித்தான் படியும். காய்ந்து கெட்டியானால் அதுவே தீப்பிடிக்கும்.

கடைசியில் எங்கள் ஊர் மேஸ்திரிதான் சரிசெய்தார். "சூடு மேல ஏறினாத்தான் பின்னாடி இருக்கிறத இழுக்கும் தம்பி, உயரமும் வேணும், நேராவும் போகணும்" என்றார். ஒரு இஞ்ச்தானே குறைவு என்று நினைக்காதீர்கள். நாலு இஞ்சின் பரப்போடு பார்த்தால் மூன்று இஞ்ச் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். பழைய பைப்பைக் கழற்றிவிட்டு, நாலு இஞ்ச் ஜிஐ பைப்பை நேராக ஓட்டைத் தாண்டி, முகட்டுக்கு மேல் இரண்டடி ஏற்றினார். முகட்டுக்குக் கீழே நின்றால் ஆடிக்காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மேலே இடைவெளி விட்டு ஒரு தொப்பி, கீழே கரி வழிக்க ஒரு சின்னக் கதவு, ஓட்டைச் சுற்றித் தகரப் பட்டை. அதற்குப் பிறகு பெய்த மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இப்போது காலையில் அம்மா முதலில் ஒரு பிடி காய்ந்த தென்னோலையைப் பைப்பின் அடியில் கொளுத்துகிறார். பைப் சூடேறியதும் கட்டையை வைத்தால் புகை தானாக மேலே போகிறது. வேலை முடிந்து மீதிப் பணம் கேட்டால் நீங்களும் இப்படி அடுப்பைப் பற்றவைத்து, அடுப்பு வாயில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் பக்கம் திரும்பினால் பணத்தை எடுக்காதீர்கள்.

பில் கேட்டபோது "அப்புறம் தரேன்" என்றவர், இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. ஜிபே ரசீதும், தொங்கிய பைப்பின் படங்களும் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். இதே மாதிரி பெயின்ட் அடித்த பிவிசி உங்கள் வீட்டிலும் இருந்தால் கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.