எண்ணூர் பக்கம் கூட்டமாகப் போக: புல்லட்டா, யெஸ்டியா, ஆர்எக்ஸ் 100-ஆ?

சென்னையில் கடலோர ரைடு என்றாலே எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். காசிமேட்டில் கிளம்பி திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ப் பாருங்கள், கணக்கே வேறு. எண்ணூர் வரைக்கும் ஒரு பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், மறுபக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர்கள். இங்கே வேகத்துக்கு வேலை இல்லை. ஊர்ந்து போகணும், நிற்கணும், மறுபடி கிளம்பணும். புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 என்ற மூன்று பழைய பைக்குகளை நான் அந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

முதலில் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. 1950களிலிருந்து திருவொற்றியூரில் தயாரான வண்டி என்பதால் இந்த ரோட்டில் அதற்கு ஒரு சொந்த ஊர் மரியாதை உண்டு. 346 சிசி, 18 எச்பி. மெதுவாக உருட்டினாலும் முனகாமல் இழுக்கும். ஆனால் 160 கிலோவுக்கு மேல் எடை. ட்ரெய்லர் இடுக்கில் நின்று நின்று போனால் கிளட்ச் பிடிக்கிற கை மரத்துவிடும். நடுவில் அணைந்தால் டீகம்ப்ரஸரை (இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் லீவர்) அழுத்தி, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வருகிற மாதிரி கிக்கரை மெல்ல இறக்கி, அப்புறம்தான் உதைக்கணும். பின்னால் ஹாரன் அடிக்கிற லாரிக்காரருக்கு இந்தச் சடங்கெல்லாம் புரியாது.

யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்கு நேர் எதிர். பெட்ரோலோடு எண்ணெயும் எரிக்கிற டூ ஸ்ட்ரோக் வண்டி. 98 சிசிதான், ஆனாலும் 11 எச்பி. லேசான வண்டி, லேசான கிக்கர், இடுக்கில் நுழைய அதை அடிக்க ஆளில்லை. சிக்கல் அதன் குணத்தில் இருக்கிறது. இன்ஜின் வேகமாகச் சுழலும் மேல் ஆர்பிஎம்மில்தான் அதற்கு உயிர். புல்லட்டுக்குப் பின்னால் ரொம்ப நேரம் நடை பழக விட்டால் பிளக்கில் எண்ணெய் படிந்து திணறும். ஓட்டுகிறவருக்கும் பொறுமை போய்விடும். கூட்டத்தை விட்டு முதலில் பிய்த்துக்கொண்டு போவது எப்போதும் ஓர் ஆர்எக்ஸ்தான்!

யெஸ்டி 250-ஐப் பலர் இந்தப் போட்டியிலேயே சேர்ப்பதில்லை. என் ஓட்டு அதற்குத்தான். டூ ஸ்ட்ரோக்காக இருந்தும் கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும். சரியாக அட்ஜஸ்ட் செய்த வண்டியில் கியர் லீவரை மிதிக்கும்போதே கிளட்ச் விடுபட்டுவிடும்; ஓட்டத்தில் கையால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். எண்ணூர் நெரிசலில் இதன் அருமை தெரியும். அணைந்தால் அதே கியர் லீவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். குறைகளும் உண்டு: பிரேக்கை நம்பி நெருங்கிப் போகக் கூடாது, பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனை) அடிக்கடி சுத்தம் கேட்கும், பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்கணும் என்பதால் பாட்டில் கையோடு இருக்கணும். அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியை 1996-லேயே மூடியாயிற்று. உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டைக் கடைகளில் அலையணும். புல்லட்டுக்கும் ஆர்எக்ஸுக்கும் அந்த அலைச்சல் குறைவு.

சரி, மூன்றும் கலந்து வந்தால்? டூ ஸ்ட்ரோக் வண்டிகள் விடும் புகையை உத்தேசித்து புல்லட்டுகளை முன்னால் விடலாம், நடுவில் யெஸ்டி. ஆர்எக்ஸ் கடைசியில். யாராவது நின்றுவிட்டால் ஓடிப் போய் பிளக்கோ கேபிளோ வாங்கி வர அதுதான் லாயக்கு. அவ்வப்போது பின்தங்கி, பிறகு முறுக்கி வந்து சேர்ந்துகொண்டால் பிளக்கும் சுத்தமாகும்.

வண்டி மாற்றி ஓட்டுகிற ஆசை மட்டும் எண்ணூர் தாண்டும்வரை வேண்டாம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; முதல் கியர் மேலே, மற்றவை கீழே. ஆர்எக்ஸில் பழகிய வலது கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரைத்தான் மிதிக்கும். முன்னால் நிற்பது ட்ரெய்லராக இருந்தால் தப்ப வழியில்லை. பொன்னேரி தாண்டி ரோடு காலியாக இருக்கிற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.