தைவான் ராணுவத்தில் அமெரிக்கக் கை: தைப்பே டைம்ஸும் ஃபோகஸ் தைவானும் எவ்வளவு உதவும்?

தைவானின் ராணுவச் சீர்திருத்தத்தைத் தீர்மானிப்பது தைப்பேயா, வாஷிங்டனா? அந்த ஊர்ப் பத்திரிகைகளில் பல வருடங்களாக ஓயாத சண்டை இது. சீனம் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைப் பின்தொடர முக்கியமாக இரண்டு ஆங்கிலத் தளங்கள் உண்டு: தைப்பே டைம்ஸ், ஃபோகஸ் தைவான். இரண்டும் இலவசம். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால் சண்டையின் ஒரு பக்கம்தான் காதில் விழும்.

தைப்பே டைம்ஸின் பெரிய பலம் அதன் பழைய இதழ்த் தொகுப்பு. 1999இல் தொடங்கிய நாளிதழ். கட்டுரையின் இணைய முகவரியிலேயே வருடம், மாதம், தேதி இருப்பதால் வேண்டிய நாளுக்கு நேராகப் போகலாம். காலைப் பத்திரிகை என்பதால் சம்பவத்துக்கு மறுநாள் தேதியில் தேடுங்கள். தலையங்கம் இன்னும் ஓரிரு நாள் தள்ளியும் வரும்.

கருத்துப் பக்கத்தில் முதலில் பார்க்கவேண்டியது கட்டுரையின் கடைசி வரி. மொழிபெயர்த்தவர் பெயர் இருந்தால், அது சீன மொழியில் எழுதப்பட்ட உள்ளூர்க் குரல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆய்வு மையம் என்று அறிமுகம் இருந்தால், அதை உள்ளூர்க் கருத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

குறை எங்கே? இதை நடத்துவது லிபர்ட்டி டைம்ஸ் குழுமம். ஆளும் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் பச்சை அணிக்கு நெருக்கமானது. "அமெரிக்கா சொல்லித்தான் செய்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே மறுப்பு விரிவாகக் கிடைக்கும், குற்றச்சாட்டு அரைகுறையாகத்தான் கிடைக்கும். உதாரணத்துக்கு, 2022 டிசம்பர் 27 அன்று அப்போதைய அதிபர் சாய் இங்-வென் கட்டாய ராணுவப் பணியை 4 மாதத்திலிருந்து ஒரு வருடமாக நீட்டினார். 2005 ஜனவரி 1 முதல் பிறந்த ஆண்களுக்கு, 2024 முதல். மறுநாளே 18 கோடி அமெரிக்க டாலருக்கு வால்கேனோ கண்ணிவெடி அமைப்பை விற்க வாஷிங்டன் ஒப்புதல் தந்தது. சந்தேகப்படுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

தலைப்புச் செய்திகளைவிட ஆயுதக் கொள்முதல் செய்திகளில்தான் விஷயம் இருக்கிறது. 2022இல் எம்ஹெச்-60ஆர் ஹெலிகாப்டர் திட்டத்தை விலை அதிகம் என்று தைவான் கைவிட்டது. எம்109ஏ6 பீரங்கிகள் தாமதமாகும் என்று தெரிந்ததும் ஹைமார்ஸ் ராக்கெட் ஏவிகளைக் கூட்டி 29 ஆக்கியது. அமெரிக்கா எதை, எப்போது விற்கும் என்பதே போர்முறையை வளைக்கிறது. அதற்காக எல்லாமே இறக்குமதி யோசனை என்று சொல்லிவிடவும் முடியாது. சிறிய, மலிவான, பரவலான ஆயுதங்கள் என்ற கொள்கையை 2017 வாக்கில் முன்வைத்தவர் தைவானின் சொந்தத் தளபதி, அட்மிரல் லீ ஷி-மின். இந்த இழையைத் தைப்பே டைம்ஸில் கோத்துப் படிக்க முடிகிறது. அது நிச்சயம் பாராட்டத்தக்கது.

ஃபோகஸ் தைவான், அரசு நிதியில் நடக்கும் மத்தியச் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலத் தளம். நடை வறட்சி, தகவல் சுத்தம். அதில் தவறவிடக்கூடாதது தினமும் வரும் 'தைவான் தலைப்புச் செய்திகள்' பகுதி. யுனைட்டட் டெய்லி நியூஸ், சைனா டைம்ஸ், லிபர்ட்டி டைம்ஸ் என்ற சீன மொழி நாளிதழ்கள் மூன்றும் அன்று எதை முதல் செய்தியாக்கின என்று வரிசையாகத் தரும். ஒரே நாளில் மூன்றும் மூன்று திசையில் போவதை அங்கேயே பார்க்கலாம். தலைப்போடு நின்றுவிடும் என்பதுதான் குறை.

எனவே மூன்றாவது வேலையைத் தவிர்க்க முடியாது: எதிர்க்கட்சி அணிக்கு நெருக்கமான யுனைட்டட் டெய்லி நியூஸின் கருத்துப் பக்கத்தை உலாவியின் மொழிபெயர்ப்பில் திறக்கவேண்டும். சில கட்டுரைகள் சந்தாதாரர்களுக்கு மட்டும். எண்களில் கவனம் தேவை. சீனத்தில் ஒரு 'யி' நமது பத்துக் கோடி, ஒரு 'ஜாவ்' லட்சம் கோடி. மொழிபெயர்ப்பில் சைபர் தவறினால் பட்ஜெட்டே பொய்யாகிவிடும். தைவானின் ஆண்டுக் கணக்கில் வருடம் 113 என்று வந்தால் 1911ஐக் கூட்டுங்கள், 2024.

இந்த அணியின் பத்திரிகைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. உயிரி ஆயுதம் தயாரிக்கும்படி தைவானை அமெரிக்கா கேட்டதாக 2023 ஜூலையில் யுனைட்டட் டெய்லி நியூஸ், தைவான் அரசின் கூட்டக் குறிப்பு என்று ஒன்றை வெளியிட்டது. அரசு அதைப் போலி என்றது, அமெரிக்காவும் மறுத்தது. சைனா டைம்ஸ் 2008 முதல் சீனாவில் பெரும் வியாபாரம் உள்ள வான்ட் வான்ட் குழுமத்தின் கையில்.

பழகிப் பார்க்க நல்ல தேதி 2025 நவம்பர் 27. முந்தைய நாள்தான் அதிபர் லாய் சிங்-தே 8 வருடத்துக்கு 1.25 லட்சம் கோடி தைவான் டாலர் சிறப்புப் பாதுகாப்பு பட்ஜெட்டை அறிவித்தார். அதற்கு முன்பே அதை ஓர் அமெரிக்க நாளிதழில் கட்டுரையாக எழுதியும் விட்டார். ஃபோகஸ் தைவானின் தலைப்புப் பட்டியல், தைப்பே டைம்ஸ் தலையங்கம், யுனைட்டட் டெய்லி நியூஸின் கருத்துப் பக்கம் என்ற வரிசையில் படியுங்கள். நாடாளுமன்றப் பெரும்பான்மை எதிர்க்கட்சிகளிடம் இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி வாதங்கள் புரியாது.