சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட்: நான்கு இரவுக் கப்பல் பயணம் எப்படி இருந்தது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் 72 வயது அம்மா, மனைவி, பத்து வயது மகள் ஆகியோருடன் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தை மேற்கொண்டேன். குறைகளையும் எழுதப்போவதால் கப்பலின் பெயரையும் முன்பதிவு செய்துகொடுத்த முகவரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த வழித்தடத்தில் ஓடும் எந்தப் பெரிய கப்பலுக்கும் பொருந்தும். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையுடன் செல்கிறவர்களுக்கு இந்தப் பயணம் நிறைவளிக்காது. முழங்கால் வலியுடன் இருக்கும் பெரியவர் ஒருவரை, பெட்டி தூக்காமல், தினம் ஒரு விடுதி மாறாமல், இரண்டு நாடுகளுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கோ இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம் மட்டுமே. துறைமுக வரியும் பணியாளருக்கான டிப்ஸும் அதில் சேராது. டிப்ஸ் என்றவுடன் நாம் விரும்பினால் கொடுப்பது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான பெரிய கப்பல்களில் அது நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் தானாகவே ஏறும், குழந்தைக்கும் உண்டு. நாளுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 288 டாலர் ஆகிறது. எங்கள் முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முழுப் பணமும் கட்டிய பிறகு நிறுவனத்தின் செயலியில் நுழைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே முகவரிடம் பேசும்போது, வரியும் டிப்ஸும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும் ஆண்டிறுதியும் விடுமுறை என்பதால் அந்த வாரங்களில் கட்டணம் ஏறிவிடும். நம் பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலேயே, ஏப்ரல் இறுதியில் அல்லது மே முதல் வாரத்தில், செல்வது நல்லது.

விசா விஷயத்தில் ஒன்றை மறக்கவே கூடாது. கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், இறங்கும்போது மீண்டும் நுழைகிறீர்கள். எனவே இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பலமுறை நுழைய அனுமதிக்கும் சிங்கப்பூர் விசா தேவை. ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால் கப்பலில் ஏற்ற மறுத்துவிடலாம். சிங்கப்பூருக்கான இணையவழி வருகை அட்டையையும் இருமுறை நிரப்ப வேண்டும்: விமானத்தில் சென்று இறங்குவதற்கு முன் ஒருமுறை, கப்பல் திரும்பி வருவதற்கு முன் மறுமுறை. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நாங்கள் சென்றபோது தனியாக விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் மாதத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது பழையது. பெரிய கப்பல்கள் பலவும் 2012-இல் திறக்கப்பட்ட மரீனா பே முனையத்திலிருந்து புறப்படுகின்றன. மரீனா சவுத் பியர் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம், டாக்சி ஓட்டுநரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லி முதலில் ஹார்பர்ஃபிரண்டுக்குப் போய்விட்டு வந்திருந்தது. பயணச்சீட்டில் எந்த முனையம் என்று இருக்கும், அதைப் படித்துவிடுங்கள்.

பெரிய பெட்டிகளை வாயிலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்பதால் மாத்திரைகள், கடவுச்சீட்டு, மாற்றுத் துணி, நீச்சல் உடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது அவசியம். அயர்ன் பாக்ஸ், மின்கெண்டி, அரிசிக் குக்கர் போன்றவற்றுக்குக் கப்பலில் அனுமதியில்லை. தீ விபத்துக்கு அஞ்சுகிறார்கள். கண்டெடுத்தால் எடுத்துவைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். கப்பல் புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு. இப்போதெல்லாம் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளியைப் பார்த்துவிட்டு, நமக்கென்று குறித்த இடத்துக்கு ஒருமுறை போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அங்கே கூட வேண்டும் என்பதை என் மகள் பயணம் முழுவதும் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

செலவைக் குறைப்பதற்காக ஜன்னல் இல்லாத உள்ளறையை எடுத்திருந்தோம். விளக்கை அணைத்தால் நண்பகலிலும் நள்ளிரவுதான். முதல் நாள் காலையில், விடிந்துவிட்டதா என்று அம்மா மூன்று முறை எழுந்து கேட்டார். கப்பலின் முகப்பில் பொருத்திய கேமராவின் காட்சியைத் தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசையாகக் காட்டுகிறார்கள். ஒலியை அடைத்துவிட்டு அதை இரவு முழுவதும் ஓடவிட்டோம். விடியும்போது திரை மெல்ல வெளுத்து அறைக்குள் வெளிச்சம் பரவியது. அதன்பின் அம்மா கேட்கவில்லை. அறைச் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் நான்கைக் கொண்டுபோனால் ஈரத் துணி, தொப்பி, பைகள் எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். அடுத்த முறை செல்வதானால் கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில், கடலைப் பார்க்கும் ஜன்னல் அறை ஒன்றை எடுப்பேன். ஆட்டம் மிகக் குறைவாகத் தெரியும் இடம் அதுதான். பால்கனிக்கு இன்னும் கொடுப்பது நான்கு இரவுக்கு வீண் என்பது என் கருத்து. மனைவி இதை ஏற்கவில்லை.

தலைசுற்றலுக்குப் பயந்து பலர் கப்பலைத் தவிர்க்கிறார்கள். மலாக்கா நீரிணை ஒருபுறம் மலாய் தீபகற்பமும் மறுபுறம் சுமத்ராவும் அணைத்து நிற்கும் கடல் என்பதால் பெரும்பாலும் ஏரியைப்போல இருக்கிறது. பினாங்கைக் கடந்து அந்தமான் கடலுக்குள் நுழைந்த பிறகுதான் டம்ளரில் தண்ணீர் லேசாக அசைந்தது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வைத்திருந்தோம். இஞ்சி மரப்பாவோடு சமாளித்துவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பஃபே கூடத்தில் இந்திய உணவுக்கென்று ஒரு பகுதி இருந்தது. பருப்பும் சப்பாத்தியும் நன்றாகவே இருந்தன. சாம்பார் என்று பெயர் எழுதிவைத்திருந்ததைச் சாம்பார் என்று சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் காலை 9 மணிக்கு உச்சத்தில் இருக்கும், தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் பிரதான உணவகமோ காலையில் பாதி காலியாகக் கிடக்கிறது, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. சைவம் உண்பவர்கள் முதல் இரவே அங்குள்ள மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டால், அட்டவணையில் இல்லாத இந்தியச் சைவ உணவை மறுநாளிலிருந்து சமைத்துத் தருகிறார்கள். சமணர்களைப்போல வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் முன்பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும். அம்மா முதல் இரவு வெறும் சோறும் தயிரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாம் இரவு நாங்கள் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கிண்ணத்தில் குழைய வேகவைத்த சோறு, இன்னொரு கிண்ணத்தில் தயிர், ஓரத்தில் மிகப் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் இஞ்சியும் அம்மாவின் முன்னால் வந்து அமர்ந்தன. பரிமாறியவர் இந்தோனேசியர். டிப்ஸ் கணக்கைப் பார்த்து முதல் நாள் முணுமுணுத்த நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

மது பேக்கேஜ், இணைய பேக்கேஜ் என்று கப்பலில் விற்கிற எதையும் ஏறிய வேகத்தில் வாங்க வேண்டியதில்லை. தேநீரும் காபியும் எலுமிச்சைச் சாறும் பஃபே கூடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசியை ஏறியவுடனே விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் ரசீதில் உங்களைத் திடுக்கிட வைக்கும். கப்பல் மருத்துவமனையும் டாலரில்தான் வசூலிக்கிறது. பெரியவர்களுடன் செல்வோர், கடற்பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீடுதானா என்பதைப் படித்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

பினாங்கில் கப்பல் நேராகச் சுவெட்டன்ஹாம் துறையில் கட்டப்படுகிறது. வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்கும் 60 அடி மணிக்கூண்டு. அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா வந்துவிடும். இங்கே கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதுதான். கப்பலின் சக்கர நாற்காலி ஏறவும் இறங்கவும் மட்டுமே என்பதால் அம்மாவுக்கு ஒரு மிதிவண்டி ரிக்‌ஷா பேசிக்கொண்டோம். நாங்கள் பக்கத்தில் நடந்தோம். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் மாலைப் பூசை முடியும்வரை அம்மா நகரவில்லை. நாசி கண்டார் என்னும் சோற்று உணவைச் சாப்பிட எனக்கு நேரமில்லாமல் போனது. அந்த உணவை ஊருக்கு அறிமுகப்படுத்தியவர்கள் தமிழ் முஸ்லிம்கள் என்பதால் வருத்தம் இன்னும் தீரவில்லை.

புக்கெட்டில் நிலைமை வேறு. எங்கள் கப்பல் படோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றது. டெண்டர் என்னும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலுக்கும் படகுக்கும் இடையே அலை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி உள்ள எவரும் அப்படிச் சொல்வதே சரி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட நேரலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கரையில் இறங்கி உள்ளூர்ச் சிம்மைப் போட்டவுடன் என் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, நான் கவனிக்கவில்லை. கடைசிப் படகு ஐந்து மணிக்கு. மூன்றரைதான் ஆகிறது என்று கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மகள் கையை நீட்டி "நாலரை ஆயிடுச்சுப்பா" என்றாள். இறங்கும்போது அம்மா தன் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டிருந்தார். அது முழங்கைவரை சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மணலில் ஓடிப்போய்ப் படகுத்துறை வரிசையில் சேர்ந்தோம். சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு இறங்குங்கள், அல்லது கைப்பேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

நான்காம் நாள் முழுவதும் கடல்தான். நீச்சல் குளத்தில் பத்து மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது. காலை ஏழு மணிக்கு மகளும் நானும் மட்டும் இருந்தோம். அரங்க நிகழ்ச்சிகளுக்கான இடங்களை ஏறிய அன்றே செயலியில் பதிந்துவிட வேண்டும். பதியத் தவறியதால் நல்ல நிகழ்ச்சி ஒன்றை இழந்தோம்.

அன்றிரவே பெட்டிகளை அடையாளச் சீட்டுடன் அறை வாசலில் வைத்துவிடச் சொல்கிறார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்துவைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். எதிர் அறைக்காரர் இரவு லுங்கியுடனே குடிநுழைவு வரிசையில் நின்றார். கப்பல் காலை ஏழு மணிக்கே சிங்கப்பூரை அடைந்தாலும் நாங்கள் வெளியே வர பத்தாகிவிட்டது. ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகல் 2 மணிக்கு முன்னதாக எடுக்காதீர்கள்.