மடிப்பாக்கத்தில் எந்த நெட் எடுப்பது?

நான் வீட்டிலிருந்தபடியே வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். கோடைகாலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரை என்றால் அங்கே இரவு எட்டு. அந்த நேரத்தில் நெட் போனால் அன்றைய வகுப்பு போச்சு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால் மடிப்பாக்கத்துக்கு வீடு மாறியபோது, எந்த இணைப்பு எடுப்பது என்று நன்றாக விசாரித்துத்தான் முடிவு செய்தேன். இப்போது இருப்பது ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் ஃபைபர், மாதம் 799 ரூபாய்த் திட்டம், வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்). எனக்குத் திருப்தி. ஆனால் உங்கள் தெருவுக்கும் இதுதான் சரி என்று என்னால் சொல்ல முடியாது. சென்னையில் இது தெருவுக்குத் தெரு மாறுகிற விஷயம்.

பழைய வீட்டில் ஒரு உள்ளூர் இணைப்பு வைத்திருந்தேன். மாதக் கட்டணம் குறைவு, வேகமும் குறை சொல்லும்படி இல்லை. கரண்ட் போனால்தான் பிரச்சினை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் நின்றுவிடும். காரணம் பிறகுதான் புரிந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டி. அதுவரை ஃபைபர், அதாவது ஒளியில் நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை. அங்கிருந்து எங்கள் வீட்டுக்குச் சாதாரண லேன் ஒயர், செம்புக் கம்பி. அந்த மாடியில் கரண்ட் இல்லாவிட்டால் எங்களுக்கும் நெட் இல்லை. வீட்டுக்குள் வரை ஃபைபரே வந்தால் கதை வேறு. கம்பத்தில் தொங்கும் ஸ்பிளிட்டர் ஒரே இழையில் வரும் ஒளியை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கிறது. அதற்குக் கரண்டே வேண்டாம். கம்பெனியின் மையத்தில் பேட்டரி இருக்கும். நம் வீட்டு ரூட்டருக்கு மட்டும் நாம் வழி செய்துகொண்டால் போதும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி ரூட்டரோடு இணைத்துவிட்டேன்.

ஆகவே, ஆஃபர் பேச வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் ஒயரா?" விளம்பரத்தில் எல்லோருமே ஃபைபர் என்றுதான் போடுகிறார்கள்.

அதற்காக ஃபைபர் எதையும் தாங்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணீர் நின்று, பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவு வெள்ளத்தில் கம்பெனியின் பேட்டரியும் தீர்ந்துபோகும், செல்போன் டவரும் படுத்துவிடும்.

விலைக்கு வருகிறேன். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஜியோஃபைபர் 699 ரூபாய், ஏர்டெல் 799. இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கையிலிருந்து போவது முறையே 825, 943 ரூபாய். விளம்பரத்தில் ஜிஎஸ்டியைப் பொடி எழுத்தில் போடுவார்கள், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த செலவில் வேண்டுமென்றால் ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், ஏர்டெலில் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் இருக்கிறது. அதுவே ஒரு சின்னக் குடும்பத்துக்குத் தாராளம். எங்கள் வீட்டில் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், மகள் கல்லூரி வகுப்பு வீடியோக்களை இறக்கிக்கொண்டே இருப்பாள். அதனால்தான் 100க்குப் போனோம்.

மாதம் நூறு ரூபாய்க்கு மேல் கூடக் கொடுத்து ஏர்டெலை எடுத்தது கம்பெனியின் பெயருக்காக இல்லை. எங்கள் தெருமுனைக் கம்பத்தில் அவர்களுடைய பெட்டி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் பையன் கீழ்க்கட்டளையில் இருக்கிறார். எதிர்வீட்டு மாமி, மாடிவீட்டு ஐடி தம்பி, மளிகைக் கடைக்காரர் என்று நான் கேட்ட எல்லோரும் அவரைத்தான் சொன்னார்கள். ஒயர் அறுந்தால் அன்றைக்கே வந்துவிடுகிறாராம். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. மழைநீர்க் கால்வாய் வேலைக்குத் தோண்டியபோது ரூட்டரில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தது. சாயங்காலத்துக்குள் ஏணியோடு வந்து ஒயரை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் தெருவில் இப்படி ஒரு ஆள் ஜியோவிடமோ பிஎஸ்என்எல்லிடமோ இருந்தால் அதையே எடுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரர்கள்தான் பங்குமுறையில் நடத்துகிறார்கள். அந்தக் கேபிள்காரர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்ததுதான் உங்கள் நெட்.

பாட்டு, வீணை, டியூஷன் என்று ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். ஒரு வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். ஆனால் அது அப்லோடிலும் கிடைக்க வேண்டும். நம் குரல் அங்கே போவது அப்லோடில்தான். டவுன்லோடு 100 என்று காட்டிவிட்டு அப்லோடை மிகக் குறைவாக வைக்கும் திட்டங்களும் இருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, எவ்வளவு காசு கொடுத்தாலும் சென்னைக்கும் நியூஜெர்சிக்கும் இடையே தாமதம் இருக்கத்தான் செய்யும். போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. சேர்ந்து பாடவும் முடியாது, சேர்ந்து தாளம் போடவும் முடியாது. நான் பாட, அவர்கள் திருப்பிப் பாடுவதுதான் வழி. தாமதம் ஒரே சீராக இருந்தால் அதற்குப் பழகிவிடலாம். ஏறி இறங்கினால்தான் தொல்லை. தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தின் அசைவு நடுவில் வெட்டுப்பட்டால் குழந்தை அந்த வெட்டையும் சேர்த்தே பாடம் பண்ணிவிடும். ஜூமில் வகுப்பு எடுத்தால், ஒலியை வடிகட்டாமல் அப்படியே அனுப்பும் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் தம்புரா சுருதியைச் சத்தம் என்று நினைத்து அது அமுக்கிவிடும்.

அப்புறம், மாட்ட வருகிறவர் ஒயர் மிச்சப்படுத்த ரூட்டரை வாசற்கதவுக்கு மேலேயே வைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். நீங்கள் உட்காரும் அறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். வகுப்பு எடுக்கும் லேப்டாப்பை லேன் ஒயரிலேயே போடுங்கள். வெள்ளை நிறத்தில் வரும் ஃபைபர் ஒயரைக் கதவிடுக்கில் நசுக்காமல், மூலையில் மடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரே வராத தெருவா? 2023 செப்டம்பரில் சென்னைக்கு வந்த ஜியோ ஏர்ஃபைபர் இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு கருவியை மாட்டி 5ஜி வழியாக நெட் தருகிறார்கள். படம் பார்க்கச் சரி. என் மாதிரி வகுப்பு எடுப்பவர்கள், சாயங்கால நெரிசலில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரு மாதமோ மூன்று மாதமோ மட்டும் கட்டுங்கள், ஒரு மழையாவது பார்த்துவிடலாம். பழைய இணைப்பை நிறுத்தும்போது ரூட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள், முன்பணம் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.